கல்கிசைக் கடல் அசையாமல் கிடந்தது, ஆனால் திரும்பி வர முடியவில்லை

ரயில்கரை | ஜனவரி 19, இரவு 8.40

வணக்கம். நேற்றுக் காலை நடந்ததை எழுதுகிறேன். உங்களிடம் ஒரு கேள்வியும் இருக்கிறது.

பேடில்போர்ட், அதாவது நின்றபடி துடுப்புப் போடும் பலகை, வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. காற்றடித்து ஊதும் வகை, பத்தரை அடி. அதுவரை பொல்கொட வாவியில் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன். நேற்று ஏழேகாலுக்குக் கொழும்புக்குப் பக்கத்தில் கல்கிசைக் கடற்கரைக்குப் போனபோது தண்ணீர் ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது. கரையில் உடையும் அலை முழங்காலுக்குக் கீழே. வெயில் ஏறவில்லை. இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று இறங்கிவிட்டேன்.

முதல் பதினைந்து நிமிடம் சுகமாக இருந்தது. துடுப்பைப் போடப் போடப் பலகை வழுக்கிக்கொண்டு போனது. கை தேறிவிட்டது என்றே நம்பினேன். திரும்பிப் பார்த்தால் கரையில் நின்றவர்கள் தீக்குச்சி அளவில் தெரிந்தார்கள். முதுகில் காற்று பட்டுக்கொண்டே இருந்தது அப்போதுதான் உறைத்தது. பலகையைத் திருப்பினேன். கரையில் இருந்த ஒரு மஞ்சள் குடையைக் குறியாக வைத்து நின்றபடியே துடுப்புப் போட்டேன். எவ்வளவு போட்டும் குடை பெரிதாகவில்லை. சுற்றிலும் சிறு அலைகள், முகடு உடைந்து வெள்ளை தட்டத் தொடங்கியிருந்தன. கரையிலிருந்து பார்த்தபோது அதில் ஒன்றுகூடத் தெரியவில்லை.

முழங்காலில் இருந்து போட்டேன். பிறகு குப்புறப் படுத்துக் கையால் தள்ளினேன். படுத்த பிறகுதான் கொஞ்சம் நகர்ந்தது. கடைசியில் வலை எடுத்துத் திரும்பிய ஒரு வள்ளத்துக்காரர் கயிறு எறிந்து இழுத்து வந்தார். இந்த மாதங்களில் விடியக் காற்று கடலுக்குத்தான் போகும் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். லீஷ், பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறு, காலில் இருந்தது. லைஃப் ஜக்கெட் காரில் இருந்தது. போனில் நான் பார்த்தது வெயில் படமும் 29 பாகை என்ற எண்ணும் மட்டும்தான்.

இறங்கும் முன் நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள்? எதைக் கண்டால் திரும்பி வீட்டுக்குப் போவீர்கள்?

குருநகரான் | ஜனவரி 19, இரவு 9.55

தம்பி, பலகையை விட்டுவிட்டு நீந்தப் பார்க்காமல் அதிலேயே படுத்திருந்தீர்களே, அதுதான் உங்களைக் காப்பாற்றியது. பலகை மிதக்கும், தூரத்திலிருந்தும் தெரியும். தண்ணீரில் ஒரு தலை மட்டும் தெரிந்தால் அந்த வள்ளத்துக்காரர் கண்டிருக்கவே மாட்டார்.

எங்கள் ஊரில் முதலில் காற்றின் பெயரைக் கேட்பார்கள், பிறகுதான் கடலுக்குப் போவதா என்ற பேச்சு. வடக்கே இருந்து வந்தால் வாடை, கிழக்கே இருந்து கொண்டல், தெற்கே இருந்து சோளகம், மேற்கே இருந்து கச்சான். பெயரைச் சொன்னாலே திசை வந்துவிடும். திசை தெரியாமல் வேகத்தை மட்டும் தெரிந்துகொண்டு ஒரு பயனும் இல்லை.

கொழும்புக் கரை மேற்கைப் பார்த்தது. மார்கழி, தை, மாசியில் வாடைக்காற்று தீவைக் குறுக்கே கடந்து வந்து இங்கே கடலில் இறங்குகிறது. அதோடு இரவில் நிலம் கடலைவிடக் கெதியாகக் குளிரும். அதனால் விடியும் வேளையில் நிலத்திலிருந்து கடலுக்கு ஒரு காற்று தானாகவே ஓடும். இந்த மாதங்களில் இரண்டும் ஒரே பக்கம் சேர்கின்றன. உங்கள் முதுகில் பட்டது அந்த இரண்டும்தான்.

கடல் ஏன் தட்டையாகத் தெரிந்தது என்று யோசித்தீர்களா? அலை எழும்பக் காற்றுக்குத் தண்ணீர் மேல் ஓட இடம் வேண்டும். நிலத்திலிருந்து வரும் காற்றுக்குக் கரையடியில் அந்த இடம் கிடையாது. நூறு மீற்றர் போனால் சிறு நெளிவு, முந்நூறு மீற்றரில் அலை, அதற்கும் அப்பால் வெள்ளை. போதாததற்குக் கரையோரம் முழுக்க மாடிக் கட்டிடங்கள். ஒரு கட்டிடத்தின் மறைவு அதன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்துக்காவது இருக்கும். நாற்பது மீற்றர் கட்டிடம் என்றால் நானூறு மீற்றர். அந்த மறைவுக்குள் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அதைத் தாண்டியதும் காற்று முழுதாகப் பிடிக்கும்.

அதனால் தை மாதத்தில் கடல் எவ்வளவு அமைதியாகக் கிடக்கிறதோ அவ்வளவு கவனமாகக் காற்றைப் பாருங்கள். ஒரு பிடி காய்ந்த மணலைத் தோள் உயரத்திலிருந்து விடுங்கள். தென்னோலை எந்தப் பக்கம் சீவப்படுகிறது என்று பாருங்கள். காலிமுகத்திடலில் தேசியக் கொடி இருக்கிறது, அது கடல் பக்கம் பறந்தால் உங்களுக்கு அன்று வேலை இல்லை. பின்னேரங்களில் அங்கே பட்டம் விடுகிறவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள், பட்டம் வீதிப் பக்கம் நிற்கும். அது கரைக்கு வரும் காற்று. பட்டம் கடலுக்கு மேலே நிற்கும் நேரத்தில் பலகையோடு இறங்கக் கூடாது.

பேரவாவித் துடுப்பு | ஜனவரி 20, காலை 6.10

அண்ணா சொன்னதோடு சில எண்களையும் சேர்க்கிறேன். நான் பேர வாவியில் படகு வலிக்கிறவன். 1864 இலிருந்து கொழும்பு ரோயிங் கிளப் அந்த வாவிக்கரையில் இருக்கிறது. அங்கே விடியற்காலைப் பயிற்சி ஒரு மரபு, காரணமும் காற்றுத்தான். ஒன்பது மணிக்குப் பிறகு தண்ணீர் கலைந்துவிடும்.

காற்று உடம்பில் தரும் தள்ளு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். காற்றின் வேகம் 10 நொட்டிலிருந்து 20 ஆனால் தள்ளு நான்கு மடங்கு. பலகையில் நிற்கும் ஆள் ஒரு பாய்மரம் மாதிரி. படுத்ததும் நகர்ந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, பாயைச் சுருட்டியதால்தான் அது நடந்தது.

10 நொட் என்றால் மணித்தியாலத்துக்கு 18.5 கிலோமீற்றர். கரைக்கு வரும் காற்றில் எனது எல்லை அதுதான். புதியவர் என்றால் 8 நொட், ஏறத்தாழ 15 கிலோமீற்றர். கடலுக்குப் போகும் காற்று 5 நொட்டைத் தாண்டினாலே நான் இறங்குவதில்லை. வானிலைச் செயலியில் சராசரியைப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், அதன் கீழே வீச்சு வேகமும், அதாவது இடையிடையே திடீரென்று அடிக்கும் காற்றின் வேகமும் இருக்கும். சராசரி 7, வீச்சு 16 என்றால் அன்று உங்களுக்கு 16 நொட் காற்றுத்தான்.

வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பரப்புகளுக்குத் தனியாக அறிக்கை விடுகிறது. புத்தளத்திலிருந்து கொழும்பு ஊடாகக் காலி வரை என்று வரும் வரியைத் தேடுங்கள். திசையும் வேகமும் அதில் இருக்கும். மணித்தியாலத்துக்கு 30 முதல் 40 கிலோமீற்றர் என்று மீனவருக்குச் சாதாரணமாகச் சொல்லப்படும் காற்று 16 முதல் 22 நொட். வள்ளத்துக்கு அது ஒரு வேலை நாள். பலகைக்கு அது இறங்கக் கூடாத நாள்.

அபி_தெஹிவளை | ஜனவரி 20, பகல் 12.30

நான் புதியவள். அடுத்த மாதம் பலகை வாங்கும் எண்ணம். அப்படியென்றால் கரைக்கு வரும் காற்று அடிக்கும் பின்னேரத்தில் போவது பாதுகாப்பா? இன்னொன்று, பிள்ளைகளின் ஆகஸ்ட் விடுமுறையில் என்ன செய்வது?

குருநகரான் | ஜனவரி 20, பகல் 1.15

அபி தங்கச்சி, கரைக்கு வரும் காற்று உங்களை வீட்டுப் பக்கம் தள்ளும், அந்தளவுக்கு நல்லது. ஆனால் அதே காற்றுத்தான் அலையையும் எழுப்பிக் கரையில் உடைக்கும். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் ரயில் பாதையைக் காக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அலை அந்தக் கல்லில் மோதித் திரும்பி வரும் அலையோடு முட்டும். அந்த இடத்தில் எந்தக் காற்றிலும் ஏறவோ இறங்கவோ வேண்டாம். இறங்கும் முன்பே ஏறி வரும் இடத்தையும் பார்த்து வையுங்கள்.

வைகாசியிலிருந்து புரட்டாதி வரை இந்தக் கரைக்குத் தென்மேற்குக் காற்று. அந்த மாதங்களில் கொழும்புக் கடலில் பலகையே வேண்டாம். ஆகஸ்டில் பிள்ளைகளோடு பாசிக்குடாவுக்கோ நிலாவெளிக்கோ போங்கள். அங்கே அப்போது கடல் அமைதியாக இருக்கும். பாசிக்குடாவில் வெகுதூரம் ஆழம் இல்லை. ஆனால் அங்கே கடல் கிழக்குப் பக்கம். தென்மேற்குக் காற்று அங்கே நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். தம்பிக்குக் கல்கிசையில் தையில் நடந்தது அங்கே ஆடியில் நடக்கும்.

அலை_எண்ணி | ஜனவரி 20, மாலை 5.50

காற்றைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் வார இறுதிகளில் வெலிகமையில் அலைச்சறுக்கு செய்கிறவன். காற்றே இல்லாத நாளில் அலையில் அடிபட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

செயலியில் அலை உயரத்துக்குப் பக்கத்தில் வினாடிக் கணக்கு ஒன்று இருக்கும். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே உள்ள நேரம் அது. ஒரு மீற்றர் அலை 6 வினாடி என்றால் பக்கத்துக் காற்று எழுப்பியது, குழப்பமாக இருக்கும், பலம் குறைவு. அதே ஒரு மீற்றர் 15 வினாடி என்றால் தெற்கே பெருங்கடலில் பல நாளுக்கு முன் எழுந்த புயலின் அலை. ஆழத்தில் அது உங்களுக்குக் கீழே சத்தமில்லாமல் போகும். ஆழம் குறையும் இடத்தில் எழும்பி, எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக உடையும். வானம் நீலம், ஓலை அசையாது, ஆனால் அந்த ஒரு வரிசை வந்துவிட்டுப் போகும்.

இந்த அலைகள் கூட்டமாக வரும், நடுவில் நீண்ட ஓய்வு இருக்கும். அந்த ஓய்வில் வந்து பார்க்கிறவர் கடல் அமைதி என்று நினைப்பார். அதனால் பலகையை மணலில் வைத்துவிட்டு இருபது நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். இதை யாரும் செய்வதில்லை. ஊதுகிற பலகை என்றால் கரையில் வந்து ஊதுங்கள், ஊதிக்கொண்டே பார்க்கலாம்.

இரண்டு பக்கமும் அலை உடைந்து நடுவில் ஓரிடம் மட்டும் உடையாமல், கொஞ்சம் கலங்கலாக, நுரை கடல் பக்கம் நகர்ந்தபடி இருந்தால் அது இறங்க வசதியான வாசல் மாதிரித் தெரியும். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் ஓடும் இடம் அதுதான். மாட்டிக்கொண்டால் அதற்கு எதிராகப் போடாமல் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் வெளியே வாருங்கள்.

நீர்_ஆய்வுகூடம் | ஜனவரி 21, காலை 7.20

கடல் வேண்டாம், வாவி போதும் என்று யாராவது முடிவு செய்யும் முன் இதைச் சொல்ல வேண்டும். என் வேலை நீர் மாதிரிகளோடு, அதனால் என் கண் அங்கேதான் போகும்.

பலத்த மழை பெய்தால் வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் நகரத்தின் அழுக்கை அப்படியே கடலில் கொட்டும். வாய்க்கால் முகத்திலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு நாக்கு கடலுக்குள் நீளும், அதன் ஓரம் கோடு கிழித்தது போலத் தெரியும். அந்தக் கோட்டுக்கு உள்ளே போகாதீர்கள். மழை விட்டு இரண்டு மூன்று நாள் பொறுங்கள். கால்வாய்த் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், காலில் ஒரு சிறு கீறல் போதும். பெரும்பாலும் ஐந்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்காலில் கடும் வலி, கண் சிவப்பு என்று தொடங்கும். அப்படி வந்தால் தண்ணீரில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பேர வாவியின் பச்சை நிறம் பாசிப் பெருக்கம். படகில் உட்கார்ந்து வலிக்கிறவருக்குத் தெறிக்கும் தண்ணீர் கொஞ்சம்தான். பலகையில் புதியவர் ஒரு மணித்தியாலத்தில் பத்துத் தடவை விழுவார், வாயில் போகும். பொல்கொடவிலும் தியவன்னாவிலும் முதலை உண்டு. 2022 ஜனவரியில் வெள்ளவத்தை, தெஹிவளைக் கடலோரத்தில்கூட முதலை நடமாடுவதாக எச்சரிக்கை விட்டார்கள். ஆகாயத்தாமரை அடர்ந்த ஓரங்களையும், இருட்டும் நேரத்தையும் தவிருங்கள்.

ஆற்று முகங்களும் அப்படித்தான். கொழும்பில் கடல் பெருக்குக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் முக்கால் மீற்றரைக்கூடத் தாண்டாது, கரையில் அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பாணந்துறையில் பொல்கொடத் தண்ணீர் கடலில் விழும் வாயிலும், முகத்துவாரத்தில் களனி விழும் இடத்திலும் வற்று ஓடும்போது ஆற்று வேகம் எதிரே வரும் அலையை முட்டி நிமிர்த்தும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓட்டம் இன்னும் கூடும். பௌர்ணமியோ, போயா விடுமுறை என்று எல்லோரும் தண்ணீருக்கு வரும் நாள். அந்த வாய்களிலிருந்து தள்ளியே இருங்கள்.

பேரவாவித் துடுப்பு | ஜனவரி 21, காலை 8.05

நியாயமான பேச்சு. எங்கள் வாவியை எனக்குப் பிடிக்கும், ஆனால் அதில் விழுந்து எழும்பப் பழகுங்கள் என்று என்னாலும் சொல்ல முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் குருநகர் அண்ணாவோடு கொஞ்சம் முரண்படுகிறேன். மணலும் ஓலையும் இப்போதைய காற்றைத்தான் சொல்லும். நாற்பது நிமிடத்தில் என்ன வரும் என்பதைச் செயலிதான் சொல்லும். இரவே பார்த்து முடிவெடுத்துவிட்டால் கரையில் நின்று ஆசைப்பட வேண்டியதில்லை.

குருநகரான் | ஜனவரி 21, காலை 10.40

இரவே பார்ப்பது நல்ல பழக்கம்தான், நானும் பார்க்கிறேன். ஆனால் செயலியின் கணக்கு எவ்வளவு பெரிய கட்டத்தில் நடக்கிறது என்று மகனிடம் கேட்டேன். ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மாதிரியின் ஒரு கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீற்றர் என்றான். வெள்ளவத்தையும் காலிமுகத்திடலும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடக்கூடும். எந்த ஒழுங்கைக்கு நேரே காற்று பீறிட்டு வருகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

பங்குனி, சித்திரையிலும், ஐப்பசி, கார்த்திகையிலும் வரும் பின்னேர மழையையும் அது நேரம் தவறாமல் சொல்வதில்லை. பிற்பகல் 2 மணிக்குப் பிறகு இடியுடன் மழை என்று அறிக்கை வரும். சில நாள் ஒன்றரைக்கே வந்துவிடும். அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். கிழக்கே முகில் பூக்கோவா மாதிரி எழும்பி, மேல்பகுதி தட்டையாக விரியும். அடி கறுக்கும். பிறகு, வெக்கை பிழிந்துகொண்டிருக்கும்போது திடீரென்று குளிர்ந்த காற்று ஒன்று முகத்தில் அடிக்கும். மழை இன்னும் ஒரு துளி விழுந்திருக்காது. அந்தக் குளிர் முகிலுக்குள்ளிருந்து கீழே கொட்டிப் பரவும் காற்று. அதுவும் கரையிலிருந்து கடலுக்குத்தான் தள்ளும், வாடையைவிடப் பல மடங்கு பலத்தோடு. அந்தக் குளிர் படும்போது தண்ணீரில் இருந்தால் பிந்திவிட்டது. முகில் எழும்பும்போதே கரையில் இருக்க வேண்டும்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள், மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குள் வந்தால் பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது, உடனே வெளியே வாருங்கள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழியும்வரை மீண்டும் இறங்க வேண்டாம். பரந்த தண்ணீரில் நிமிர்ந்து நிற்கும் ஒரே பொருள் நீங்கள்தான்.

பேரவாவித் துடுப்பு | ஜனவரி 21, காலை 11.00

ஒழுங்கை விஷயம் நான் யோசிக்காதது. சரி அண்ணா, இரவில் செயலி, காலையில் கண். இரண்டில் ஒன்று வேண்டாம் என்றால் அன்று வேண்டாம்.

ரயில்கரை | பெப்ரவரி 9, இரவு 7.30

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரமாகப் பலகை இல்லாமலே கல்கிசைக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஆறு காலைகள். கொப்பியில் எழுதியதைப் பகிர்கிறேன்.

நங்கூரம் போட்ட வள்ளங்கள்தான் எனக்குக் கிடைத்த நல்ல அடையாளம். ஒரு நாள் காலை ஆறே முக்காலுக்கு ஏழு வள்ளங்கள் நின்றன. ஏழின் மூக்கும் நிலத்தைப் பார்த்திருந்தது. கயிற்றில் கட்டிய வள்ளம் காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பும் என்பதை அங்கே உட்கார்ந்துதான் புரிந்துகொண்டேன். கரையடித் தண்ணீர் அன்றும் அசையாமல் கிடந்தது. அதற்கு அப்பால் பார்த்தால் கருநீலத்தில் ஒரு பட்டை, அதில் சிறு கருமைகள் ஓடி ஓடிப் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் கடல் பக்கம். ஜனவரியில் நான் போய் நின்றது அந்தப் பட்டைக்குள்தான்.

பத்து மணி தாண்டியதும் ஓலை நின்றது. மணலை விட்டால் நேரே காலடியில் விழுந்தது. பத்தேகாலுக்கு ஒரு வள்ளம் மெல்ல அசைந்து பக்கவாட்டில் திரும்பியது, பிறகு அடுத்தது. பத்து நிமிடத்துக்குள் ஏழும் கடலைப் பார்த்து நின்றன. காற்று மாறுவதை நான் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒன்றரைக்குள் கடல் முழுக்க வெள்ளை.

நேற்று ஞாயிறு. சனி இரவே செயலியில் கடற்காற்று 6, வீச்சு 9, அலை 0.6 மீற்றர், 9 வினாடி. காலையில் வள்ளங்கள் திரும்பும்வரை காத்திருந்து, பத்தரைக்கு இறங்கினேன். கரையிலிருந்து நூறு மீற்றருக்கு மேல் போகவில்லை. முதலில் காற்று வரும் பக்கமாகத் தெற்கே போனேன், களைத்ததும் திரும்பினேன், காற்றே கொண்டுவந்து விட்டது. பதினொன்றரைக்குத் தூரத்தில் முதல் வெள்ளை தெரிந்ததும் ஏறிவிட்டேன். இன்னும் ஓடலாம் போலத்தான் இருந்தது.

அந்த வள்ளத்துக்காரரைத் தேடிக் கண்டுபிடித்தேன். அவருக்கு என்னை நினைவில்லை. இந்த மாதங்களில் நிறையப் பேரை இழுத்து வருகிறாராம்.

அபி_தெஹிவளை | பெப்ரவரி 9, இரவு 8.10

அடுத்த ஞாயிறு நானும் வந்து அந்த வள்ளங்களைப் பார்க்கலாமா? பலகை இல்லாமல்தான் வருவேன்.

ரயில்கரை | பெப்ரவரி 9, இரவு 8.25

வாருங்கள் அக்கா. ஆறரைக்கு அங்கே இருப்பேன். பத்தரைவரை உட்கார நேரம் வைத்துக்கொண்டு வாருங்கள்.

குருநகரான் | பெப்ரவரி 9, இரவு 9.00

நானும் வருகிறேன். தம்பி, நேற்று லைஃப் ஜக்கெட் எங்கே இருந்தது?

ரயில்கரை | பெப்ரவரி 9, இரவு 9.04

உடம்பில் அண்ணா.